பொறுத்துக்கொள்ள வேண்டாத வலி



நம் மொழியில் பொருளை விளக்கும் சொற்கள் உண்டு. பொருளை மறைக்கும் சொற்களும் உண்டு. பெண்களின் மாதவிடாயைக் குறிக்க நம் வீடுகளில் வழங்கும் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘தூரம்’ என்பார்கள், ‘வீட்டு விலக்கு’ என்பார்கள், ‘தீட்டு’ என்பார்கள். உடலில் நிகழ்வது இன்னது என்று இவற்றுள் ஒன்றேனும் சொல்லுகிறதா? விலகி நில் என்பதே அவற்றின் கருத்து. பேசாத பொருளைப் பற்றி ஐயம் கேட்க இயலாது. கேளாத பொருளைத் தெளிவாக அறியவும் இயலாது. அவ்வறியாமையின் விலையைச் செலுத்துபவர்களுள் பலர் பள்ளிப் பருவத்துப் பெண்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மாதவிடாயின்போது சிலருக்கு வரும் கடுமையான வலியும், அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ‘எண்டோமெட்ரியோசிஸ்’ என்னும் நோயும் ஆகும். இது மாணவியருக்கு மட்டும் உரிய பேச்சு என்று மாணவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். வீட்டில் உடன்பிறந்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும்போது, அது சோம்பலா, நடிப்பா, நோயா என்று அறிந்துகொள்ளும் கடமை உங்களுக்கும் உண்டு.

முதலில் இயல்பான நிகழ்ச்சியைத் தெரிந்துகொள்வோம். இயல்பு இன்னது என்று தெரிந்தால்தான், இயல்புக்கு மாறானது எது என்று தெரியும்.

கருப்பை என்பது கைப்பிடியளவே உள்ள, தசையாலான ஓர் உறுப்பு. அதன் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. மாதந்தோறும் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் முதலான இயக்குநீர்களின் தூண்டுதலால் இப்படலம் தடித்து வளர்கிறது. கருவுற்ற முட்டை வந்து தங்கினால் அதற்கு இடம் தருவதற்காகவே இந்த ஏற்பாடு. கரு தங்காத மாதத்தில் இயக்குநீர்களின் அளவு குறைகிறது. படலம் சிதைந்து, குருதியோடு கலந்து வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். இதில் தீட்டு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. மரம் இலையுதிர்த்துத் துளிர்ப்பது போன்றதோர் இயற்கை நிகழ்ச்சியே இது.

படலம் சிதையும்போது அதிலிருந்து ‘புரோஸ்டாகிளாண்டின்’ என்னும் பொருள்கள் வெளிப்படுகின்றன. அவை கருப்பையின் தசையை இறுகச் செய்கின்றன. தசை இறுகும்போது அதனுள் ஓடும் குருதிக் குழாய்கள் நெரிகின்றன, குருதியோட்டம் குறைகிறது, அதனால் வலி உண்டாகிறது. மாதவிடாய் தொடங்குவதற்குச் சற்று முன்போ, தொடங்கிய உடனேயோ அடிவயிற்றில் எழும் வலி இவ்வகையைச் சார்ந்தது. அது இடுப்புக்கும் தொடைக்கும் பரவலாம்; ஒரு நாளோ, இரண்டு மூன்று நாளோ இருந்து தணியும். வலி வருகிறது என்ற காரணத்தாலேயே எல்லோரும் நோயாளிகள் ஆகிவிடுவதில்லை.

இந்த வலிக்கு மாற்று உண்டு. நம் பாட்டிமார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்களே, அது அறிவியலும் ஒப்புக்கொள்ளும் மருத்துவம். வெப்பம் வலியைத் தணிக்கிறது. நடையும் எளிய உடற்பயிற்சியும் நன்மை செய்கின்றன. மருந்து வகையில், ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் 1971ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார்: ஆஸ்பிரின் போன்ற மருந்துகள், உடலில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன. 1982இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இப்யூபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் முதலான மாத்திரைகள் மாதவிடாய் வலியைத் தணிப்பது இம்முறையால்தான். வலி முற்றிய பிறகு விழுங்குவதினும், வலி தொடங்கும்போதே உணவுக்குப் பின் உட்கொள்வது மிகுதியும் பயன் தரும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா ஆகியவை உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடக்கூடாது. மெஃபெனமிக் அமிலம் அரிதாகச் சிலருக்குக் காய்ச்சலும் தோல்தடிப்பும் கூடிய கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023இல் எச்சரித்ததும் உண்டு. கடைக்காரர் கொடுக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக் கொண்டிருப்பது மருத்துவம் ஆகாது.

இனி, இயல்புக்கு மாறான வலியை அறிவது எங்ஙனம்? அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. மாதந்தோறும் வலியின் காரணமாகப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போக முடியாமல் படுத்துவிடுவது ஓர் அடையாளம். முறையாக மருந்து உட்கொண்டும், இரண்டு மூன்று மாதம் பார்த்தும் வலி தணியாதிருப்பது மற்றோர் அடையாளம். மாதவிடாய்க்குப் பல நாள் முன்பே வலி தொடங்குவது, மாதவிடாய் நின்ற பின்னும் வலி நீங்காதிருப்பது, ஆண்டுக்கு ஆண்டு வலி மிகுவது, அந்நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ கடுவலி தோன்றுவது, வாந்தியும் மயக்கமும் மிகுந்த களைப்பும் சேர்ந்து வருவது ஆகிய யாவும் ‘என்னைக் கவனி’ என்று உடல் விடுக்கும் அழைப்புகள். இவற்றைப் புறக்கணிப்பது பொறுமை என்னும் பண்பில் சேராது.

இத்தகைய வலிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். சூலகத்தின் மீதும், கருக்குழாய்களின் மீதும், இடுப்புக்குழியின் உட்சவ்விலும் அது படர்கிறது. சில வேளைகளில் குடலையும் சிறுநீர்ப்பையையும் பற்றுகிறது. மிக அரிதாக நுரையீரல் வரையிலும் சென்றதுண்டு. இத்திசுவும் ஈஸ்ட்ரோஜனின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. ஆகவே மாதவிடாய்க் காலத்தில் கருப்பைக்குள் நிகழ்வது போன்றே இங்கும் குருதிக் கசிவு நிகழ்கிறது. கருப்பைக்குள் கசியும் குருதிக்கு வெளியேற வழி உண்டு. வெளியிடத்தில் கசியும் குருதிக்கு வழி ஏது? வடிகால் இல்லாத முற்றத்தில் மழைநீர் தேங்குவது போல அது தேங்குகிறது. அவ்விடத்தில் அழற்சி உண்டாகிறது, தழும்பு உண்டாகிறது, ஒன்றோடொன்று ஒட்டாமல் இயங்க வேண்டிய உறுப்புகள் ஒட்டிக்கொள்கின்றன, நரம்புகள் உறுத்தப்படுகின்றன. சூலகத்திற்குள் இவ்வாறு தேங்கிய பழங்குருதி, கட்டியாக மாறிப் பழுப்பு நிறம் பெறுகிறது. அதனால் மருத்துவர்கள் அதைச் ‘சாக்லேட் கட்டி’ என்று அழைக்கிறார்கள்.

இந்நோய் புதிதாகத் தோன்றியது அன்று. வியன்னா நகரத்து மருத்துவ அறிஞர் கார்ல் ரோகிடான்ஸ்கி 1860ஆம் ஆண்டிலேயே இத்தகைய திசுவைப் பற்றி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஆல்பனி என்னும் ஊரில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் சாம்ப்சன் 1921இல் சூலகக் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1927இல் நோயின் தோற்றத்திற்கும் ஒரு விளக்கம் தந்தார். மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி வெளியே வராமல், கருக்குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றுக்குள் விழுகிறது. அதில் உள்ள உயிரணுக்கள் அங்கே வேரூன்றி வளர்கின்றன என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை இன்றும் ஏற்கப்படுகிறது. ஆனால் அது முழு விடை ஆகவில்லை. ஏனெனில், குருதி பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்வது. நோயோ அவர்களுள் சிலருக்கே வருகிறது. விதை எல்லா நிலத்திலும் விழுகிறது. சில நிலத்திலேதான் முளைக்கிறது. அந்த நிலத்தின் தன்மையை அறியவே ஆராய்ச்சி நடக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இதில் பங்கு உண்டு. மரபுக்கும் பங்கு உண்டு. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்தால், ஒருத்திக்கு அது வரும் வாய்ப்பு மிகுகிறது. நோயுடையவர்கள் 60,000 பேருக்கு மேற்பட்டோரின் மரபுப் பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 42 மரபிடங்களைக் கண்டறிந்தது. ஆகவே, புளிப்பைத் தின்றதால் வந்தது, தலைக்குக் குளித்ததால் வந்தது என்று பெண்ணைக் குறை கூறுவதற்கு இங்கே இடமே இல்லை. இது தொற்று நோயும் அன்று, புற்றுநோயும் அன்று.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, குழந்தை பெறும் பருவத்திலுள்ள பெண்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 19 கோடிப் பேர். இவ்வளவு பரவலான நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகிறது தெரியுமா? மருத்துவ வசதி மிகுந்த பிரிட்டனில்கூட, முதன்முதல் மருத்துவரிடம் சென்ற நாளிலிருந்து நோய் உறுதிப்படும் நாள் வரையில் சராசரியாக எட்டு ஆண்டுகள் கழிகின்றன என்று 2020இல் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று அறிவித்தது. ஒன்பதாம் வகுப்பில் வலி என்று சொல்லத் தொடங்கிய பெண், பட்டம் பெற்று வெளியேறிய பின்னரே விடை பெறுகிறாள் என்றால், இடையில் அவள் இழந்த நாட்களுக்கு யார் ஈடு செய்வது?

இந்தக் காலத் தாழ்வுக்குக் காரணங்கள் மூன்று. ‘பெண்ணாய்ப் பிறந்தால் வலி இருக்கத்தான் செய்யும்’ என்னும் எண்ணம் முதல் காரணம். தாய் தானும் அவ்வலியைப் பொறுத்தவள். ஆகவே மகளையும் பொறுக்கச் சொல்கிறாள். தாய்க்கே இந்நோய் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வயிறு, குடல், முதுகு என்று வலி பல இடங்களில் தோன்றி, வேறு நோய் என்று மயங்கச் செய்வது இரண்டாவது காரணம். சாதாரண ஸ்கேனில் இந்நோய் பல வேளைகளில் தென்படாது போவது மூன்றாவது காரணம். ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்றால், ‘வலியே இல்லை’ என்று பொருள் கொள்வது தவறு. நோயின் பரப்புக்கும் வலியின் அளவுக்கும் நேரான தொடர்பும் இல்லை. சிறு புள்ளிகளாக இருக்கும் நோய் பெருவலி தருவதுண்டு. பெரிய கட்டி வலியே இல்லாமல் இருப்பதும் உண்டு.

இளம் பருவத்தில் இந்நோய் வராது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எண்ணியிருந்தார்கள். அக்கருத்து மாறிவிட்டது. வலி மருந்துக்கும் இயக்குநீர் மருந்துக்கும் கட்டுப்படாத வலியுடைய வளரிளம் பெண்களை உள்நோக்கிக் கருவியால் சோதித்தால், மூவரில் இருவருக்கேனும் எண்டோமெட்ரியோசிஸ் காணப்படுகிறது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018இல் எழுதியது.

நம் நகரமாகிய சென்னையின் வரலாற்றில் ஒரு செய்தியை இங்கு நினைவுகூரலாம். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணியும், சமூகத்திற்கு அஞ்சியும், மருத்துவமின்றியே பெண்கள் பலர் துன்புற்ற காலம் ஒன்று இருந்தது. அத்துன்பத்தைக் கண்டு மனம் வருந்திய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர் 1885இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை இங்குத் தோன்ற அவர் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று விளங்குவது அதுவே. 1912இல் முத்துலட்சுமி அவர்கள் அதே கல்லூரியில் பட்டம் பெற்றார். அன்று பெண்களைத் தடுத்தது மருத்துவச்சியர் இல்லாக் குறை. இன்று பெண் மருத்துவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள்; அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மகளிர் நலப் பிரிவும் இருக்கிறது. எஞ்சியிருக்கும் தடை நம் நாவில் இருக்கிறது.

மருத்துவரிடம் செல்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு குறிப்பேட்டில், மூன்று மாதத்திற்கு நாள்தோறும் எழுதி வாருங்கள். குருதிப்போக்கு எந்நாளில் தொடங்கியது, எந்நாளில் நின்றது. வலி எங்கே இருந்தது. வலியே இல்லாத நிலையைச் சுழி என்றும், தாங்கொணா நிலையைப் பத்து என்றும் கொண்டால் அன்றைய வலிக்கு எத்தனை மதிப்பெண். எந்த மருந்து உட்கொண்டீர்கள், அது எத்தனை மணி நேரம் பயன் தந்தது. எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை என்பவற்றைக் குறியுங்கள். ‘வயிறு வலிக்கிறது டாக்டர்’ என்று சொல்லுவதற்கும், ‘மூன்று மாதத்தில் ஒன்பது நாள் கல்லூரிக்குப் போகவில்லை, மாத்திரை போட்டும் வலி எட்டுக்குக் கீழே இறங்கவில்லை’ என்று சொல்லுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே அறிவீர்கள். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்க என்று வள்ளுவர் மருத்துவருக்கு வழி காட்டினார். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தியைத் தருவது நோயாளியின் பங்கு.

மணமாகாத பெண்ணை மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் ஊர் என்ன சொல்லும், அங்கே உட்பரிசோதனை செய்துவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டாம். முதலில் செய்வது கேள்வி கேட்டு அறிவதே. ஸ்கேன் என்பதை வயிற்றின் மேற்புறத்திலிருந்தே எடுக்கலாம், வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. படமும் உதவும். பெண்ணின் இசைவு இன்றி எந்தப் பரிசோதனையும் செய்யலாகாது. தாயோ தமக்கையோ உடன் இருக்கலாம். முன்னெல்லாம் வயிற்றில் சிறு துளையிட்டு, ‘லாப்ராஸ்கோப்பி’ என்னும் உள்நோக்கிக் கருவியால் கண்ணாரக் கண்ட பின்னரே நோயை உறுதிப்படுத்தினார்கள். அறிகுறிகளைக் கொண்டே மருத்துவத்தைத் தொடங்கலாம், படத்தில் ஒன்றும் தெரியாதபோதோ மருந்து பயன் தராதபோதோ லாப்ராஸ்கோப்பியை நாடலாம் என்று ஐரோப்பிய மருத்துவர் சங்கம் ஒன்று 2022இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது.

இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இதுவரை இல்லை. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அடக்கி வைக்கும் வழிகள் பல இருக்கின்றன. வலி மருந்து ஒன்று. மாதவிடாயை அடக்கியோ குறைத்தோ அத்திசுவின் வளர்ச்சியைத் தணிக்கும் இயக்குநீர் மாத்திரைகள் மற்றொன்று. ‘இம்மாத்திரைகளை உட்கொண்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது’ என்று அஞ்சுவோர் பலர். மாத்திரையை நிறுத்தினால் மாதச் சுழற்சி மீண்டும் வந்துவிடும். மருந்துக்குப் பக்க விளைவுகள் உண்டு. அவற்றை மருத்துவரிடம் தயங்காமல் கேட்டறிய வேண்டும். மருந்தால் தீராத வலிக்கு, லாப்ராஸ்கோப்பி வழியே நோய்த்திசுவை அகற்றும் அறுவை உண்டு. அதன் பின்னும் சிலருக்கு நோய் மீண்டும் வருவதால், தொடர்ந்து மருத்துவரைக் காண்பது தேவை.

‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்’ என்று சொல்லி, வலியுள்ள பெண்ணின் படிப்பை நிறுத்தி மணம் செய்து கொடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இது பெருந்தவறு. திருமணம் ஒரு மருந்து அன்று. கருவுற்றிருக்கும் காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி தணிவது உண்டு. ஆனால் நோய் நீங்கிவிடுவதில்லை. மாறாக, கவனியாமல் விட்ட நோய் கருவுறுதலுக்கே இடையூறு ஆகலாம். அப்போது அந்தப் பெண்ணின் தலையில் ‘மலடி’ என்னும் பழியும் விழுகிறது. நோய் உடையவர்களுள் பலரும் குழந்தை பெறுகிறார்கள் என்பதையும், காலத்தே மருத்துவரைக் காண்பது நன்று என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திடீரென்று ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி எழுந்தாலும், காய்ச்சலோ மயக்கமோ சேர்ந்து வந்தாலும், மணிக்கொரு முறை அணையாடை நனையும் அளவுக்குக் குருதி போனாலும், குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்; அன்றே, அப்போதே, மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கல்விக்கூடங்களுக்கும் இதில் கடமை உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில், மாணவியரின் வருகைப் பதிவில் மாதவிடாயின் பொருட்டு 2 விழுக்காடு சலுகை தந்தது. கேரள அரசு அதனை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கியது. விடுப்பு நல்லதே, ஆனால் விடுப்பு நோயைத் தீர்க்காது. மாதந்தோறும் ஒரே நாட்களில் வராமலிருக்கும் மாணவியை ஓர் ஆசிரியை தனியே அழைத்து, ‘டாக்டரிடம் காட்டினாயா, அம்மா?’ என்று கேட்டால், அந்த ஒரு கேள்வி பல ஆண்டுத் துன்பத்தைக் குறைக்கக்கூடும். மாணவர்களே, நீங்கள் கேலி செய்யாமல் இருப்பதும், வகுப்புக் குறிப்பைக் கொடுத்து உதவுவதும் எளிய செயல்கள்தாம். வலியில் இருப்பவளுக்கு அவை எளியவை அல்ல.

மாணவியரே, பல்வலி வந்தால் சொல்லுகிறீர்கள். கண்வலி வந்தால் சொல்லுகிறீர்கள். அவ்வாறே இவ்வலியையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். முதலில் தாயிடம் சொல்லுங்கள். அவர் பொறுத்துக்கொள் என்றால், மீண்டும் ஒருமுறை குறிப்பேட்டைக் காட்டிச் சொல்லுங்கள். ஒரு மருத்துவர் செவிசாய்க்காவிட்டால் மற்றொரு மருத்துவரை நாடுங்கள். படிப்பையும் உறக்கத்தையும் பறிக்கும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை. அவ்வலிக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, கவனிக்க வழியும் உண்டு.